வரப்போகிற வருஷத்துக்கு ஒரு கோபுரம்

மூன்று நான்கு வருஷத்துக்கு முன்பு, எழுபதுகள் ஆரம்பித்த சமயத்தில், காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில் நடந்த விஷயம் இது. நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான்தான். ஆணிலும் சரி, பெண்ணிலும் சரி. இதை நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்த வருஷம் தை மாதத்தில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. ஊருக்கு வெளியே இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அங்கே ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா இருந்தார். நாற்பது வயது இருக்கும். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க வார்டில் கற்றுக்கொண்ட தமிழ். "மூச்சை நல்லா இழுங்க", "எங்க வலிக்குது?", "பயப்படாதீங்க", "இன்னைக்குக் கஞ்சி மட்டும்தான்." இதற்கு மேல் எதையாவது பேச வேண்டுமானால் இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும். அம்மா படுத்திருந்த நாட்களில் அந்த ஆள் நானாக இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் நான்தான் மொழிபெயர்த்துச் சொல்வேன். அப்படியே இருவரும் சிநேகமாகிவிட்டோம்.

அம்மா தேறி வீட்டுக்கு வந்த பிறகு, ஒருநாள் நர்ஸம்மா சைக்கிள் ரிக்‌ஷாவில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். தெருவே வெளியே வந்து நின்றது. வந்தவர் நேராகத் தறி அறைக்குப் போய், அப்பா நெய்வதை நின்று பார்த்தார். பிறகு என்னிடம் விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய ஊர் இங்கிலாந்தின் வடக்கில் இருக்கிறது. சின்ன ஊர், ஆனால் ஒரு காலத்தில் எங்கு திரும்பினாலும் பஞ்சு மில்லாம். அந்த ஊருக்கு என்று ஒரு கால்பந்துக் குழு உண்டு. நர்ஸம்மாவின் அப்பா அந்தக் குழுவின் மைதானத்தைப் பராமரிக்கிற வேலையில் ஆயுசு முழுவதையும் கழித்தவர். புல் வெட்டுவது, கோடு போடுவது, பனி கொட்டினால் வாரித் தள்ளுவது எல்லாம் அவர்தான். இப்போது படுத்த படுக்கை. கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. குளிர்காலம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தக் குழுவுக்கு வரும் புரட்டாசி வாக்கில் நூறு வயது நிறைகிறது. நர்ஸம்மா வைகாசியில் ஒரு வருஷ விடுமுறையில் ஊருக்குப் போகிறார். போகும்போது அப்பாவுக்கு ஒரு பட்டுத் துண்டு கொண்டுபோக வேண்டும், அதில் அந்தக் குழுவின் கதை இருக்க வேண்டும். இதுதான் அவர் கேட்டது.

நான் சொல்லி முடித்ததும் அப்பா முதலில் கேட்டது, "மில்லுக்காரங்களா? நம்ம வாயில மண்ணைப் போட்டவங்களே அவங்கதானேமா!"

அந்தக் குழுவை ஆரம்பித்தது மில் முதலாளிகள் இல்லை, மில்லில் தறி ஓட்டிய கூலிக்காரர்கள். சனிக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு கிடைத்ததும் மேய்ச்சல் நிலத்து மாட்டை விரட்டிவிட்டு அங்கே பந்து ஆடியவர்கள் என்று நர்ஸம்மா சொன்னதை நான் சொன்னேன். அப்பா ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்தார்.

"தறிக்காரங்களா? அதை முதல்ல சொல்லக் கூடாதா! நமக்கு அமாவாசை லீவு மாதிரி அவங்களுக்கு சனிக்கிழமை."

குழுவின் நிறம் என்ன என்று கேட்டார். கிளிப்பச்சையும் அரக்கும் என்றேன். அவ்வளவுதான். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். "முகூர்த்தப் பொடவைக் கலர்ல டிராயர் தெச்சுப் போட்டுக்கினு சேத்துல உருளுறானுங்களா!"

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைத் தறியில் ஒருவர் உட்கார்ந்து நெய்ய, இன்னொருவர் ஓரத்தில் இருந்து கரைக்கான நாடாவை ஓட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஓரம் பெரியப்பாவுடையது. நான் ஹைஸ்கூலில் சேர்ந்தபோது, "பொட்டைப்புள்ளைக்கு இன்னாத்துக்கு இங்கிலீஷு, வெள்ளைக்காரன்தான் போய்ட்டானே" என்று சொன்னவர் அவர். வெள்ளைக்காரி வீடு தேடி வந்து நின்ற அன்று நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் மேல்கூரையைப் பார்த்தார்.

கதையைத் துணியில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. அப்பா மயில் போடலாம், யாளி போடலாம் என்றார். கால்பந்துக் குழுவுக்கு யாளி எதற்கு? நான் ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸம்மாவோடு உட்கார்ந்தேன். சின்ன வயதில் அவருடைய அப்பா, நாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது போல, குழுவின் ஒவ்வொரு வருஷத்தையும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார். கேட்டால் நர்ஸம்மா இப்போதும் ஒப்பிக்கிறார். அந்த நாட்டில் குழுக்களை நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு படியில் நன்றாக ஆடி முன்னால் வந்தால் அடுத்த வருஷம் மேல் படி. கடைசியில் வந்தால் கீழ் படி. நர்ஸம்மா ஒப்பிக்க ஒப்பிக்க, கட்டம் போட்ட தாளில் நான் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். பயிற்சிப் பள்ளியில் மழை அளவுக்கும் விளைச்சலுக்கும் அப்படித்தான் வரைந்து பழகியிருந்தேன். மேல் படி என்றால் உயரத்தில், கீழ் படி என்றால் தாழ்வில். புள்ளிகளைக் கோடு போட்டுச் சேர்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது ரேக்கு!

காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் சேருகிற இடத்தில் கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கும் பல் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அதைத்தான் ரேக்கு என்போம். வருஷத்துக்கு ஒரு கோபுரம். நல்ல வருஷம் என்றால் உயர்ந்த கோபுரம், கெட்ட வருஷம் என்றால் குட்டைக் கோபுரம். உலக யுத்தம் நடந்து ஆட்டமே நின்றுபோன வருஷங்களில் கோபுரமே இல்லாமல் வெறும் நேர்கோடு. நூறு வருஷக் கதையும் ஒரே கரையில் வந்துவிடும்.

ஓடி வந்து அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"இது இன்னாமா, எலி கடிச்ச மாதிரி?"

எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ரேக்கு என்றால் ஒன்று போல் ஒன்று இருக்க வேண்டும். ஒரு கோபுரம் ஏறியும் அடுத்தது இறங்கியும் இருந்தால், கை பழகாதவன் நெய்தது என்று அர்த்தம். அப்பாவின் ரேக்கைப் பார்த்து, அளவுகோல் வைத்து நெய்ததா என்று கேட்பார்கள். அவரைப் போய், வேண்டுமென்றே கோணலாக நெய்யச் சொல்கிறேன் நான்.

"யாராவது பார்த்தா இன்னா சொல்லுவாங்க? இவனுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுன்னுதான் சொல்லுவாங்க. வேணுன்னா ஒண்ணு பண்ணலாம். தோத்த வருஷத்தை எல்லாம் கொஞ்சம் தூக்கிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"அந்தத் தாத்தாவுக்குத் தெரியும்பா," என்றேன். "பேப்பர்ல ஒரு வருஷம் தப்பாப் போட்டாக்கூட அவரே போய்த் திருத்தச் சொல்லிட்டு வருவாராம்."

அப்பா தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் அது தறிக்கு மேலே செருகியிருந்தது. மூன்றாம் நாள் சாயக்காரரிடம் அரக்கும் பச்சையும் சொல்லிவிட்டு வந்தார். பட்டு நூலை நர்ஸம்மாவே வாங்கிக் கொடுத்திருந்தார்.

நெசவு ஆரம்பித்ததும்தான் வேடிக்கை. ஒரே அளவு ரேக்கு என்றால் கை தானாகப் போகும், பேசிக்கொண்டே நெய்யலாம். இதில் ஒவ்வொரு கோபுரத்துக்கும் உயரம் வேறு. அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பார்த்து உயரம் சொல்ல வேண்டியிருந்தது. வெறும் உயரம் சொன்னால் பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் இறங்குறான்? காரணம் சொல்லு."

"மரத்துல கட்டின கேலரி தீப்பிடிச்சிடுச்சு பெரியப்பா. உக்கார இடமில்லாம ஜனங்க வரல. நல்லா ஆடுறவங்களை எல்லாம் காசுக்காக வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க."

"அடப்பாவமே." நாடா மெதுவாகப் போகும். "அடுத்த வருஷம்?"

"இன்னும் ஒரு படி கீழ."

சமையல் கட்டிலிருந்து அம்மா குரல் கொடுப்பார். "ஃபெயிலானா அதே கிளாஸ்லதானே உக்கார வைப்பாங்க? இது இன்னா அநியாயம், கீழ் கிளாஸுக்கு அனுப்புறது!"

குழு முதல் படியில் இருந்து, பெரிய கோப்பையின் கடைசி ஆட்டம் வரை போன வருஷம் வந்தது. மில்லெல்லாம் மூடிவிட்டு ஊரே ரயிலேறி லண்டனுக்குப் போயிருக்கிறது. பச்சையும் அரக்குமாகக் கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு போவார்களாம். "நம்ம கட்சிக்காரங்க மாதிரியா?" என்றார் அப்பா. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கோல் போட்டு ஜெயித்தார்கள் என்று நான் சொன்னபோது பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். தறி நின்றது. அதற்குள் வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு சேர்ந்திருந்தார்கள். "யாரு ஜெயிச்சது?" என்று தெருவிலிருந்து ஒருவர் கேட்க, "நம்ம ஆளுங்கதான்!" என்றார் பெரியப்பா. அந்தக் கோபுரத்தை அப்பா ஜரிகையில் நெய்தார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அதன் பிறகு தெருவில் நான் நடந்தால், "இன்னைக்கு எந்த வருஷம்மா ஓடுது? ஏறிட்டானுங்களா?" என்று கேட்பார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் கால்பந்தைக் கண்ணால் பார்த்தது கிடையாது.

கடைசிப் பகுதி மட்டும் சோகமாக இருந்தது. மில்கள் ஒவ்வொன்றாக மூட, குழுவும் இறங்கி இறங்கி நாலாவது படிக்கு வந்து, அங்கேயே பல வருஷமாகக் கிடந்தது. நூறாவது வருஷத்திலும் அடிமட்டத்தில்தான் இருந்தது. வரிசையாகக் குட்டைக் கோபுரங்கள். அவற்றை நெய்கிறபோது பெரியப்பா காரணம் கேட்பதை விட்டுவிட்டார்.

முடிகிற அன்று எனக்குப் பயிற்சிப் பள்ளியில் பரீட்சை. மிச்சம் இருப்பதெல்லாம் ஒரே உயரம்தான், பார்த்து நெய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது துணியைத் தறியிலிருந்து அறுத்து மடித்து வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் நர்ஸம்மா மெட்ராஸுக்குக் கிளம்புகிறார். விரித்துப் பார்த்தேன். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆதியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். நூறாவது வருஷம் முடிந்தது. அதற்கு அப்புறமும் ஒரு கோபுரம் நின்றது. சின்னதில்லை. கோப்பை ஜெயித்த வருஷத்துக்குச் சமமாக, ஓங்கி நின்றது.

"இது எந்த வருஷம்?" என்று கேட்டேன்.

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வரப்போற வருஷம்," என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "நடக்காததை எப்படி நெய்யலாம்? இது சரித்திரம் பெரியப்பா! அந்த மனுஷன் ஒரு வருஷம் தப்பா இருந்தாலே ஒத்துக்க மாட்டார்."

"இதோ பாரு. எறங்குமுகத்துல வெச்சு எந்த ஊர்லயாவது துணியை அறுப்பாங்களா? நம்ம வீட்ல அறுத்ததே இல்ல. அதுவும் படுத்திருக்கிற மனுஷன் தோள்ல போடற துணி. கடைசியில குட்டையா முடிச்சுக் குடுத்தா அதுக்கு அர்த்தம் இன்னா?"

"உண்மைதானே அது?"

அம்மா குறுக்கே வந்தார். "பொடவையில அன்னம் நெய்யிறோம். கட்டிக்கிற பொண்ணு அன்னத்தைப் பார்த்துட்டா கட்டிக்கிறா? போடி."

நெய்த பட்டைப் பிரிப்பது நடக்கிற காரியமில்லை. வெட்டினால் துணியே போயிற்று. அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. நர்ஸம்மாவுக்கு வாக்குக் கொடுத்தது நான். ஒரு வருஷம்கூடப் பிசகாது என்று சொன்னதும் நான்தான். கண் தெரியாத ஒரு கிழவருக்கு, சாகக் கிடக்கிற நேரத்தில், அவருடைய ஆயுசுக் கணக்கையே தப்பாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோமே என்று இருந்தது.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மா பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தார். துணியை விரித்ததும் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கோபுரமாகத் தொட்டு வருஷம் சொல்லிக்கொண்டே வந்தார். தீப்பிடித்த வருஷம், கோப்பை வருஷம் எல்லாம் சரியாக வந்தன. கடைசிக் கோபுரத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நடந்ததை அப்படியே சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "என் அப்பா இதை ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை," என்றார் இங்கிலீஷில். துணியை மெதுவாக மடித்துப் பெட்டியில் வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கிளம்பும்போது தமிழில், "பயப்படாதீங்க," என்றார்.

ஆனால் நான் வருஷம் முழுக்கப் பயந்துகொண்டுதான் இருந்தேன். பெரியப்பா மட்டும் வாரத்துக்கு ஒரு தரமாவது, "நம்ம ஆளுங்க இன்னா ஆனானுங்களோ" என்பார். நான் புத்தகத்தைத் திறந்துகொள்வேன்.

அடுத்த ஆனி மாதத்தில் நர்ஸம்மா திரும்பி வந்தார். ஊருக்கு வந்த மறுநாளே எங்கள் வீட்டு வாசலில் ரிக்‌ஷா நின்றது. பெரியப்பா தறியை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். அம்மா தண்ணீர் சொம்போடு வந்தார். நர்ஸம்மா உட்காருவதற்கு முன்பே, "அப்பா நல்லா இருக்காங்க. கஞ்சி மட்டும் இல்ல, எல்லாம் சாப்பிடுறாங்க," என்றார். வார்டுத் தமிழ் அவருக்குக் கைகொடுத்தது அன்றுதான்.

மற்றதை அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

துணியை அந்தப் பெரியவர் மடியில் போட்டிருக்கிறார்கள். கண் தெரியாததால் விரலால் தடவியே ஒவ்வொரு வருஷமாகப் படித்திருக்கிறார். ஒன்றுகூடத் தப்பவில்லையாம். ஜரிகை கையில் பட்டதும் கோப்பை வருஷம் என்று அவரே சொல்லியிருக்கிறார். கடைசிக் கோபுரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. "இப்படி ஒரு வருஷம் கிடையாது," என்று கோபமாகச் சொன்னாராம். யார் நெய்தது, ஏன் நெய்தார்கள் என்று மகள் விளக்கியிருக்கிறார். அந்தக் கோபுரத்தை இன்னொரு தரம் தடவிவிட்டு, "என் அப்பாவும் தறிக்காரர்தான். அவர் துணியைப் பாதியில் அறுத்து நான் பார்த்ததில்லை. நெய்தவர்கள் நெய்துவிட்டார்கள், இனி இந்த வருஷத்தைப் பார்க்காமல் எப்படிப் போவது?" என்றாராம்.

குளிர்காலம் போனது. அவர் போகவில்லை. வசந்தகாலத்தில் கடைசி ஆட்டத்துக்கு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள், கழுத்தில் எங்கள் வீட்டுப் பட்டு. மழையில் நனைந்துகொண்டே ஊரே கத்தியது. குழு ஜெயித்து நாலாவது படியிலிருந்து மூன்றாவது படிக்கு ஏறிவிட்டது.

நான் அதைச் சொல்லி வாயை மூடவில்லை, பெரியப்பா கைதட்டிக் குதித்துவிட்டார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பெரியப்பாவுக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது.

"மூணாவதா? ஒரே ஒரு படிதானா? நான் உச்சிக்கு இல்ல நெய்யச் சொன்னேன்!"

அதை இங்கிலீஷில் சொன்னதும் நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "என் அப்பாவும் அதையேதான் சொன்னார்," என்றார். "விரலால் உயரத்தை அளந்து பார்த்துவிட்டு, இது மூன்றாவது படி இல்லை, முதல் படி. இன்னும் இரண்டு படி பாக்கி இருக்கிறது, அதுவரைக்கும் எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்கிறார்."

அன்று தறி ஓடவில்லை. அமாவாசை இல்லாத ஒரு நாளில் எங்கள் வீட்டுத் தறி சும்மா நின்றதை அன்றுதான் பார்த்தேன். அம்மா கேசரி கிளறினார். தெருவில் விசாரித்தவர்களுக்கெல்லாம், "ஏறிட்டானுங்க!" என்று பெரியப்பாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "எம் பொண்ணு படிச்சதாலதான் நமக்கு இந்தச் சேதியெல்லாம் தெரியுது" என்றும் சேர்த்துச் சொன்னாராம். என் காதுபட அவர் அதைச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும்.

இந்த வருஷம் குழு ஏறவில்லையாம். பெரியவர் இருக்கிறார்.

நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறேன். நடந்த வருஷங்களில் ஒன்றைக்கூட நான் மாற்றிச் சொல்வதில்லை, ஆனால் கரும்பலகையில் கடைசி வருஷத்தை எழுதி முடித்த பிறகு, அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுவைக்காமல் என்னால் சாக்பீஸைக் கீழே வைக்க முடிவதில்லை.